தாத்தாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

காலை எட்டு மணிக்கு மூன்று இட்லியும் ஒரு டம்ளர் காபியும் சாப்பிட்டு முடித்த தாத்தா, எட்டேகாலுக்குச் சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏம்மா, இன்னும் டிபன் ஆகலையா?” என்று கேட்கிறார். “இப்பத்தானே சாப்பிட்டீங்க!” என்றால் கோபம் வந்துவிடுகிறது. “நான் எங்கே சாப்பிட்டேன்? யாரும் எனக்கு ஒண்ணும் தரலை” என்கிறார். ஆனால் தான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஊர்க் கண்மாய் உடைத்துக்கொண்ட கதையைக் கேட்டால், எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறியது, யார் வீட்டுக் கன்றுக்குட்டி அடித்துக்கொண்டு போனது என்பது வரை பிசகாமல் சொல்கிறார்.

உங்களில் சிலர் வீட்டில் இது தினமும் நடந்துகொண்டிருக்கும். “வேணும்னே பண்றார்” என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள். பாவம், அவர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. கால்மணி நேரத்துக்கு முன்பு நடந்தது காணாமல் போய், அறுபது எழுபது வருஷத்துக்கு முன்பு நடந்தது மட்டும் எப்படித் தங்குகிறது? இதற்கான பதில் மூளைக்குள் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், அவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

நோட்டில் எழுதும் கை

வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். நீங்கள் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். அடுத்த பீரியடுக்கு வருபவர் பலகையை அழித்துவிட்டாலும் நோட்டில் ஏறியது அப்படியே இருக்கும். மூளையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். இந்த நிமிடம் நாம் பார்ப்பதும் கேட்பதும் பலகையில் எழுதியவை. கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். அவற்றில் வேண்டியதைப் பொறுக்கி நோட்டில் ஏற்றும் கை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு உண்டு. நீளம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். வெளியே எடுத்துப் பார்த்தால் வளைந்த வாலுடன் கடல்குதிரை வடிவில் இருக்கும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய கூட்டத்தில் இந்தச் சின்ன இடம் பழுதானால், அதற்குப் பிறகு நடக்கும் எதுவும் நோட்டில் ஏறாது.

எழுதி முடித்த நோட்டுகள் மூளையின் வெளிப்பரப்பான கார்டெக்ஸில் பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன. தாத்தாவின் பழைய நோட்டுகள் இன்னும் பத்திரமாக இருப்பதால் கண்மாய் உடைந்த கதை வருகிறது. இட்லி சாப்பிட்டது நோட்டில் ஏறவே இல்லை. ஏறாத ஒன்றை “நல்லா யோசிச்சுப் பாருங்க” என்று பத்துத் தரம் சொன்னால் எங்கிருந்து எடுப்பார்? அவரைப் பொறுத்தவரை அந்த இட்லி சாப்பிடப்படவே இல்லை. அவர் இடத்தில் நாம் இருந்தாலும் கோபம்தான் வரும்.

பிரான்சில் தியோதூல் ரிபோ என்ற உளவியலாளர் 1881லேயே இதைக் கவனித்து எழுதினார். நினைவு போகும்போது புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்றார். காரணம் அவருக்குத் தெரியாது. மூளைக்குள் பார்க்கும் கருவி எதுவும் அப்போது கிடையாது.

கண்ணாடியைப் பார்த்து ஒரு நட்சத்திரம்

எழுதும் கை எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது ஒரு சோகமான அறுவை சிகிச்சையால். அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்று ஓர் இளைஞர். அவருக்கு ஓயாமல் வலிப்பு வரும். 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் வலிப்பை நிறுத்துவதற்காக அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. வலிப்பு குறைந்தது. கூடவே புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறமையும் போய்விட்டது. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால், புது ஆள் வந்ததாக நினைத்து மரியாதையாக வணக்கம் சொல்வார். 2008இல் இறக்கும் வரை, 55 ஆண்டுகள், அப்படியே வாழ்ந்தார்.

பிரெண்டா மில்னர் என்ற விஞ்ஞானி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் பெரிய நட்சத்திரம் வரைந்து, அதற்குள் அரை விரல் இடைவெளி விட்டு இன்னொரு நட்சத்திரம் வரையுங்கள். தாளுக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்துங்கள். கை நேராகக் கண்ணில் படாதபடி ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்டுங்கள். முதல் தரம் சிரிப்பாய்ச் சிரிப்பீர்கள். மேலே போகச் சொன்னால் கை கீழே இழுக்கும். ஐந்தாறு தரம் செய்தால் கை தானாகப் பழகும்.

ஹென்றிக்கும் பழகியது! மூன்று நாட்கள் செய்தார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கோடு ஒழுங்காக வந்தது. ஆனால் மூன்றாம் நாளும், “இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை” என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து ஒரு பெரிய விஷயம் விளங்கியது. “நேற்று என்ன நடந்தது” என்ற நினைவும், “இதை எப்படிச் செய்வது” என்ற நினைவும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. சைக்கிள் ஓட்டுவது, பூக் கட்டுவது, முறுக்குச் சுற்றுவது எல்லாம் இரண்டாவது வகை. மூளையின் அடிப்பாகத்தில் உள்ள வேறு பகுதிகளும் பின்பக்கமுள்ள சிறுமூளையும் அவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. வீட்டுப் பராமரிப்புக்கு இது எப்படி உதவும் என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

எழுதும் கையைக் கெடுப்பது எது?

ஹென்றிக்கு அறுவை சிகிச்சை. தாத்தா பாட்டிகளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லையே?

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணியை அழைத்துவந்தார்கள். வயது 51. அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் பேசிப் பார்த்தார். பெயர் என்ன என்றால் சொன்னார். கணவர் பெயர் என்ன என்றாலும் தன் பெயரையே சொன்னார். மதியம் காலிபிளவரும் இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். 1906இல் அவர் இறந்த பிறகு, அல்சைமர் அவருடைய மூளையைச் சிறு சிறு சீவல்களாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்கு வெளியே ஏதோ அழுக்குத் திட்டுகள். செல்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். அதே 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விளக்கினார். கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நல்ல கண்டுபிடிப்புக்கு முதல்நாள் கைதட்டல் கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை! 1910இல் அவருடைய பேராசிரியர் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார்.

அந்தத் திட்டுகள் அமிலாய்டு என்ற புரதம், இழைகள் டாவ் என்ற புரதம் என்று இன்று நமக்குத் தெரியும். இவை சேரச் சேர நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது தடைப்பட்டு, கடைசியில் செல்கள் மடிகின்றன. வெளியே மறதி தெரிவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. முதலில் அடிபடும் இடங்களில் ஹிப்போகாம்பஸ் ஒன்று. அதனால்தான் புது நினைவு முதலில் போகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும், வேறு சில காரணங்களாலும் இதைப் போன்ற நோய் வரும். எல்லாவற்றையும் சேர்த்து டிமென்ஷியா, மறதி நோய் என்கிறோம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கிறது என்று 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதாவது நூறு தாத்தா பாட்டிகளில் ஏழு பேருக்கு. மற்ற 93 பேருக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். “வயசானா அப்படித்தான்” என்று பெரியவர்கள் சொல்வது சரியில்லை.

மறதி எல்லாமே இந்த நோயும் அல்ல. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் நடப்பது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசித்தால்தான் கவலைப்பட வேண்டும். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் கசிந்த ரத்தம், சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நேற்று வரை நன்றாக இருந்த பாட்டி இன்றைக்குத் திடீரென்று தலைகால் புரியாமல் பேசினால், சிறுநீரில் கிருமித்தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் முதல் வேலை டாக்டரிடம் காட்டுவது. நாமாகவே பெயர் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

மனத்தில் தங்குவது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அல்சைமர் நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளைச் சுமார் இருபது நிமிடம் காட்டினார்கள். பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சொல்லத் தெரியவில்லை. ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில்லை. ஆனால் சோகம் போகவில்லை! ஏன் துக்கமாக இருக்கிறோம் என்று தெரியாமலே துக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மகிழ்ச்சியான காட்சிகளைக் காட்டியபோதும் அப்படித்தான். காட்சி போய்விட்டது, சந்தோஷம் கொஞ்ச நேரம் நின்றது. இதில் விசித்திரம் என்னவென்றால், படத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக நினைவிருந்ததோ அவ்வளவு அதிக நேரம் சோகம் நீடித்தது.

இப்போது நம் வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர் வருவார். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகத் தாத்தா முன்னால் போய் நின்று, “மாமா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!” என்பார். தாத்தா விழிப்பார். “என்ன மாமா, என்னையே மறந்துட்டீங்களா?” என்று ஒரு அதட்டல் வேறு. அன்பாகத்தான் கேட்கிறார். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். காலில் கட்டுப் போட்டவரை யாராவது ஓடிக் காட்டச் சொல்வார்களா? சொந்தக்காரர் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். வந்தவர் யார் என்பது தாத்தாவுக்கு மறந்துவிடும். “எனக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டியது தெரியவில்லை” என்ற அவமானம் மட்டும் சாயங்காலம் வரை உள்ளே கிடக்கும். சாப்பிட மாட்டேன் என்பார், சிடுசிடுப்பார். காரணம் யாருக்கும் விளங்காது.

இந்தப் பரீட்சையை நிறுத்துவது வீட்டில் உங்கள் பொறுப்பு. சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்: “தாத்தா, மதுரை பெரியப்பா வந்திருக்காங்க. உங்களுக்கு வெத்தலை வாங்கிட்டு வந்திருக்காங்க.” விடையையும் சொல்லியாயிற்று, பேச ஒரு விஷயமும் கொடுத்தாயிற்று. நீங்களும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், “தாத்தா, நான் உங்க பேத்தி, ஸ்கூல் விட்டு வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போய் எதிரில் உட்காருங்கள். பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். “காபி வேணுமா, டீ வேணுமா, இல்லை பால் தரட்டுமா, பிஸ்கட்?” என்று அடுக்கினால் பலகை நிரம்பிவிடும். “காபி தரட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். பதில் மெதுவாக வரும்.

எண்பது வயதுப் பாட்டி, “எங்க அம்மா எங்கே?” என்று கேட்பார். இதுதான் எல்லாரையும் திணற வைக்கும் கேள்வி. “அவங்க செத்து முப்பது வருஷம் ஆச்சே” என்றால், பாட்டிக்கு அது இப்போதுதான் வந்த சாவுச் செய்தி. அழுவார். அரைமணி நேரத்தில் மறுபடி கேட்பார், மறுபடி முதலிலிருந்து அழுவார். உண்மை பேச வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சரிதான். ஆனால் இங்கே உண்மையையும் மறுக்காமல் பொய்யும் சொல்லாமல் ஒரு வழி இருக்கிறது: “உங்க அம்மா ஞாபகம் வந்துருச்சா பாட்டி? அவங்க எந்தக் குழம்பு நல்லா வைப்பாங்க?” பாட்டிக்குத் தேவைப்பட்டது அம்மாவைப் பற்றிப் பேச ஓர் ஆள்.

“என் பணத்தை எடுத்துட்டாங்க” என்ற புகாரும் வரும். பெரும்பாலும் பழி விழுவது பகலெல்லாம் கூடவே இருந்து கவனிக்கும் அம்மா மேல்தான், அல்லது வேலைக்கு வரும் அக்கா மேல். நடப்பது இதுதான்: பாட்டியே பர்ஸைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைக்கிறார். வைத்தது நோட்டில் ஏறவில்லை. வழக்கமான இடத்தில் பொருள் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று அவருடைய மூளை, இல்லாத பக்கத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கணக்குப்படி பார்த்தால் அது அறிவுள்ள முடிவுதான்! “நான் எடுக்கலை” என்று வாதாடுவதைவிட, “வாங்க பாட்டி, சேர்ந்து தேடலாம்” என்று கிளம்புவது மேல். பாட்டி வழக்கமாக ஒளித்துவைக்கும் இடங்களை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.

வாழையிலை ஏன் நல்லது?

இன்னொரு சோதனை. வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தயிர்சாதம் வையுங்கள். பக்கத்தில் வாழையிலையில் கொஞ்சம் வையுங்கள். அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். தட்டில் சாதம் எங்கே முடிகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறதா?

மறதி நோயில் கண் நன்றாக இருந்தாலும், கண் அனுப்பும் படத்தைப் பிரித்துப் பார்க்கும் மூளைப்பகுதி தடுமாறும். வெளிர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் இருந்தால் தெரியாது. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோய் முற்றிய ஒன்பது பேருக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் சிவப்புக் கோப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிடும் அளவு 25 சதவீதம் கூடியது. குடிக்கும் அளவு 84 சதவீதம் கூடியது! ஒன்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கக் காசு செலவில்லை. “பிடிவாதம், சாப்பிட மாட்டேங்கிறார்” என்று நாம் நினைத்தவர் சோறு கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். எவர்சில்வர் தட்டின் பளபளப்பும் குழப்பும். இலை கிடைக்கும் வீட்டில் இலை. இல்லாவிட்டால் நிறமுள்ள தட்டு.

இந்தக் கண்ணோடு வீட்டைச் சுற்றிவாருங்கள், நிறையக் கண்ணில் படும். வாசலில் போட்ட கறுப்பு மிதியடி அவர்களுக்குப் பள்ளமாகத் தெரியலாம். அதைத் தாண்ட எட்டுவைத்து விழுவார்கள். பீரோக் கண்ணாடியில் தெரியும் கிழவரை யாரோ அந்நியர் என்று நினைத்துப் பயப்படலாம். ஒரு துணியால் மூடிவிடுங்கள். கழிவறைக் கதவு மற்றக் கதவுகளைப் போலவே இருந்தால் தேடித் தேடி வழியில் நனைத்துவிடுவார்கள். அந்தக் கதவில் நல்ல அடர்நிறத் தாளில் படம் வரைந்து, அவர் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். இரவில் அங்கே ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பதும் காதுக்கருவிக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். மங்கலாகத் தெரிந்து, பாதி காதில் விழுந்தால், நல்ல மூளையே குழம்பும்.

விளக்கு வைக்கிற நேரம் இவர்களுக்குப் பொல்லாத நேரம். பகலையும் இரவையும் பிரித்துச் சொல்லும் உடல் கடிகாரமும் மூளைக்குள்தான் இருக்கிறது, அதுவும் நோயில் பழுதாகிறது. நாள் முழுவதும் புரியாத உலகத்தோடு மல்லுக்கட்டிய களைப்பு ஒரு பக்கம், சுவரில் நீளும் நிழல்கள் ஒரு பக்கம். “நான் வீட்டுக்குப் போகணும்” என்று, தன் வீட்டில் இருந்துகொண்டே கிளம்புவார்கள். இருட்டுவதற்கு அரைமணி முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள். காலையில் வெயிலில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் அந்தக் கடிகாரத்துக்கு உதவும். அப்படியும் கிளம்பினால் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வரலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால்.

சட்டைப்பையில் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். தாத்தாவைக் காணோம் என்று தெரிந்தால் நீங்களே தேடிக்கொண்டு அலையாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள், 112க்கு அழைக்கச் சொல்லுங்கள். கேஸ் அடுப்பு, மாத்திரை, குளிக்க வைப்பது மூன்றும் பெரியவர்கள் வேலை. அதில் நீங்கள் தலையிடக் கூடாது.

கைக்கு வேலை, காதுக்குப் பாட்டு

ஹென்றியின் கை கற்றுக்கொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு இன்று என்ன கிழமை என்று தெரியாமல் இருக்கலாம். ஒரு கட்டு முருங்கைக்கீரையை முன்னால் வைத்தால் விரல்கள் தாமாக உருவ ஆரம்பிக்கும். பூவும் நாரும் கொடுத்தால் கட்டுவார். உலர்ந்த துணியை மடிப்பார். பல்லாங்குழிப் பலகையை எடுத்துவைத்தால் உங்களை ஏமாற்றி இரண்டு சோழி அதிகம்கூட எடுத்துக்கொள்வார். மடித்த துணி கோணலாக இருந்தால் இருக்கட்டும், அவர் முன்னால் பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். “நீங்க சும்மா உக்காருங்க” என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது அன்பு என்று நம் ஊரில் நினைக்கிறோம். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு மீதமிருக்கும் திறமையும் சீக்கிரம் போகும்.

பாட்டு விஷயத்தில் ஒரு கணக்குப் போடலாம். மனிதர்கள் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவற்றைத்தான் மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். தாத்தா பிறந்தது 1947 என்றால், அவருடைய பாட்டுக் காலம் 1957 முதல் 1977 வரை. 1961இல் வந்த ‘பாசமலர்’, 1964இல் வந்த ‘கர்ணன்’, 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ எல்லாம் அதற்குள் வருகின்றன. உங்கள் தாத்தா பிறந்த வருஷத்தை வைத்து நீங்களே கணக்கிட்டு, அந்தக் காலத்துப் பாட்டுகளைத் தேடி எடுங்கள். முழு வாக்கியம் பேச முடியாதவர்கள்கூடப் பழைய பாட்டை அடி பிசகாமல் பாடுவதைப் பராமரிப்பவர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். பாட்டு தங்கியிருக்கும் மூளைப்பகுதிகளை இந்த நோய் தாமதமாகவே தொடுகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. தேவாரமோ, திருச்சபைப் பாட்டோ, நாகூர் அனிபா பாட்டோ, அவர் எதைக் கேட்டு வளர்ந்தாரோ அது.

தினசரி நாட்காட்டியில் தாள் கிழிக்கும் வேலையையும் காலையில் அவரோடு சேர்ந்து செய்யுங்கள். தேதியை அவரிடம் கேட்காதீர்கள். நீங்கள் உரக்கப் படியுங்கள், அவர் கிழிக்கட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லாம் நம் தலையில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இது குழந்தைகள் தனியாகச் சுமக்கும் பாரம் அல்ல. தாத்தா கத்தினாலோ கையை ஓங்கினாலோ, அந்த இடத்தை விட்டு நகர்ந்து பெரியவரைக் கூப்பிடுங்கள். இருபதாவது தரம் ஒரே கேள்வி வரும்போது உங்களுக்கும் எரிச்சல் வரும். வரத்தான் செய்யும், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அடுத்த அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை முழுக்க அம்மா மேலோ அத்தை மேலோ விழுகிறது. அவர்கள் மதியம் ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்று யாராவது சொன்னதுண்டா? அப்பா அந்த நேரத்தில் தாத்தாவோடு உட்காரலாம், மாமா ஞாயிற்றுக்கிழமை வரலாம். வீட்டில் நீங்கள் கேட்டால் பெரியவர்கள் மறுக்கக் கூச்சப்படுவார்கள். முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. மடியில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

மருந்து இல்லையா? முழுதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. டோனெபெசில் என்ற மாத்திரை 1996இலிருந்து இருக்கிறது. அது சிலருக்குக் கொஞ்ச காலம் மறதியை மட்டுப்படுத்தும். அமிலாய்டு புரதத்தையே துடைத்தெடுக்கும் ஊசிமருந்து ஒன்றுக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு அது வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது, அவ்வளவுதான். விலையும் அதிகம், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தாத்தாவுக்கு வந்தால் எனக்கும் வருமா? நேரடியாகப் பரம்பரையில் இறங்கும் வகை மிக அரிது. பெரும்பாலும் வயதும் உடல்நலமும் வாழ்க்கைமுறையும் மரபணுவும் கலந்துதான் வருகிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, 2024இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை பிடித்தல், காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. சின்ன வயதில் படிப்பு கிடைக்காமல் போவது ஒரு காரணம். அதனால் பள்ளிக்கூடம் போவது மூளைக்கு நல்லது என்று இப்போது அறிவியல் காரணமே இருக்கிறது, மன்னிக்கவும். தலைக்காயம் இன்னொன்று. அப்பாவின் பைக்கில் பின்னால் உட்காரும்போது உங்களுக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று கேளுங்கள். காது கேளாமையும் பட்டியலில் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஆள் உயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள்.